திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால்

புதன்கிழமை பின்னேரம் மகனைக் குளிக்க வார்க்கும்போதுதான் அன்ரனெற் அதைக் கண்டாள். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு, முதுகில் ஒன்று. சிவந்த தோலின் மேல் தண்ணீர்த் துளி நிற்பதுபோல இருந்தது. துவாயால் ஒற்றிப் பார்த்தாள். துளி போகவில்லை.

“இச்சியா இருக்கு அம்மா,” என்றான் மாக்கஸ். நாலு வயது. சொறியப் போன கையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி லேசாகச் சுட்டது.

கொப்புளிப்பான், சின்னம்மை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்கான ஊசி போடவேண்டிய மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல். சுகம் வந்தபிறகு கொண்டுவரச் சொன்னார்கள். அவள் கொண்டுபோகவில்லை. மறந்துபோனது என்றுதான் சொல்லவேண்டும்.

வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் எமில்டா அக்காவுக்கு அப்போதே போன் எடுத்திருப்பாள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாலு பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவர் எமில்டா. கதவிலே கடுதாசி ஒட்டி வைத்திருப்பார்: காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், தோலில் பரு இருந்தால் பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம். ஆனால் அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதி. அன்ரனெற்றின் தங்கை கிளடிஸ், புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தாள். கடைசியாக அவள் குரல் கேட்டு இருபத்து மூன்று நாளாகியிருந்தது.

அந்த இருபத்து மூன்று நாளும் அன்ரனெற் மாக்கஸை எமில்டாவிடம் விட்டுவிட்டு போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்ச் சனம் கூடிநிற்கும் யூனிவேர்சிற்றி அவென்யூவில் போய் நின்றாள். பக்ரறியில் சம்பளமில்லாத லீவு. கணவன் யோசப் லொறி ஓடுகிறவன். வன்கூவருக்குப் போனவன், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவான். ஊர்வலத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் கஸ்பர் அண்ணையின் தம்பியும் உள்ளேதான் இருந்தான். ஆனால் அவனுக்கு எப்படியோ சற்றலைற் போன் ஒன்று கிடைத்திருந்தது. இரண்டு நாளுக்கு ஒருக்கால் கஸ்பருடைய கைப்பேசிக்கு எடுப்பான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

அன்று மத்தியானம் கஸ்பர் சொல்லியிருந்தார்: “உன்ரை தங்கச்சியின்ரை பேரைக் குடுத்துவிட்டிருக்கிறன் பிள்ளை. பக்கத்து பங்கர்க்காரரைத் தெரியுமாம். நாளைக்குப் பத்து மணிபோல எடுப்பன் எண்டவன். ஏலுமெண்டால் அவளையும் கூட்டிக்கொண்டு வருவானாம். நீ என்ரை பக்கத்திலை நில்.”

நாளைக்குப் பத்து மணி. அன்ரனெற் துவாயால் மகனைச் சுற்றிக்கொண்டு குளியலறைத் தரையில் அப்படியே இருந்தாள். மூன்று கொப்புளம். மூன்றே மூன்று. கை முழுக்க மூடின சட்டை போட்டால் தெரியாது. அரை நாள்தானே. பதினொரு மணிக்கு ஓடி வந்து கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

வியாழன் காலமை ஏழேகாலுக்குக் காய்ச்சல் சிரப் ஒரு கரண்டி பருக்கினாள். நீலச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் பூட்டினாள்.

எமில்டாவின் வாசலில் அவள் எதிர்பார்க்காத ஆள் நின்றிருந்தது. ஸ்ரீதேவி. சென்னைக்காரி, மிசிசாகாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவன் ராகவன் அலுவலக விஷயமாகக் கலிபோர்னியா போயிருந்ததால், கூட வேலை செய்பவள் ஒருத்தியின் காரில் நேரத்தோடு வந்துவிட்டாள். மகள் மிருதுளா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஸ்ரீதேவிக்கு அப்போது ஐந்து மாதம்.

“ஹாய் மாக்கஸ்!” அவள் குனிந்து அவனுடைய அவிழ்ந்த சப்பாத்து லேசைக் கட்டிவிட்டாள். மாக்கஸ் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அவள் காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தான். “திங்கட்கிழமை மழைக்கு இங்கே மாட்டிக்கிட்டேனே, ஒரு மணி நேரம் என் மடியிலேயே தூங்கிட்டான் தெரியுமா? அவ்வளவு சமத்து.”

அன்ரனெற் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கையை எடுக்கவேண்டும் என்று நினைத்தாள். எடுத்தால் ஏன் என்று கேட்பாள். எடுக்கவில்லை.

எமில்டா கதவைத் திறந்தார். ஒவ்வொரு நாளும் கேட்பதைத்தான் கேட்டார். “பிள்ளை சுகமோ?”

“ஓம் அக்கா.”

அதற்குப் பிறகு பஸ்ஸிலும் சப்வேயிலும் அவள் அந்த ஒரு சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு போனாள். ஸ்ரீதேவிக்கு அது எப்பவோ வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். இந்தியாவில் எல்லாருக்கும் சின்னனில் வந்திருக்கும்.

யூனிவேர்சிற்றி அவென்யூவில் சனம் நெரிந்து நின்றது. குரல் கட்டிப்போனவர்கள்கூடக் கத்திக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். பத்து மணியாயிற்று. பத்தரை. அவளுடைய சொந்தக் கைப்பேசி கைப்பைக்குள் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தாள். எமில்டா. திரும்ப வைத்தாள். நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஐந்து தரம் அடித்தது.  ஆனால் அவள் கண்ணை மற்றப் போனிலிருந்து எடுக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு அது அடித்தது. கஸ்பர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். “ஓம்... ஓம்... சொல்லடா... கிளடிஸ்? வங்காலை ஊர்ப் பெட்டை, ரெண்டு பிள்ளையள்... என்னண்டு? எப்ப?” பிறகு “ஹலோ, ஹலோ” என்றார். பிறகு போனைப் பார்த்தார்.

“அவையள் அந்த பங்கரிலை இல்லையாம் பிள்ளை. நேற்று விடிய கடலேரிப் பக்கமாய் வெளிக்கிட்டவையாம். பிறகு ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“தப்பியிட்டினமோ?”

கஸ்பர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவளுடைய தோளில் கையை வைத்தார்.

அப்போது ஆறாவது தரம் கைப்பை அதிர்ந்தது. இந்தத் தரம் எடுத்தாள்.

“எங்கை போனனீ?” எமில்டாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பிள்ளை யூஸை ஊத்திப்போட்டான் எண்டு சட்டையைக் கழற்றினன். உடம்பிலை பத்துப் பன்னிரண்டு போட்டிருக்கு. கொப்புளிப்பான். நீ காணேல்லையோ?”

“இல்லை அக்கா.” தொண்டைக்குள்ளிருந்து அது தானாகவே வந்தது. “காலமை ஒண்டும் இருக்கேல்லை.”

மறுமுனையில் எமில்டா யாரோ ஒரு பிள்ளையை மற்ற அறைக்குப் போகச் சொன்னார்.

“ஸ்ரீதேவிக்கு ஒருநாளும் வரேல்லையாம். போன வருசம் மிருதுளாவைக் கொண்டுவந்து சேர்க்கேக்கை சொன்னவ. மகளுக்கு ஊசி போட்டது, எனக்குத்தான் ஒண்டும் இல்லை எண்டு. நான் அவவுக்கு எடுத்துச் சொல்லப்போறன்.”

“அக்கா, பொறுங்கோ. பின்னேரம் சொல்லலாமே? அவ பயந்துபோவா—”

“பயப்படவேண்டிய விசயத்துக்குப் பயப்படத்தானே வேணும்,” என்றார் எமில்டா. “வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.”

அவள் போனபோது மற்றப் பிள்ளைகளை எல்லாரும் வந்து கூட்டிப்போயிருந்தார்கள். மாக்கஸ் தனி அறையில் படுத்திருந்தான். முகத்திலும் இரண்டு வந்திருந்தது. எமில்டா விளையாட்டுச் சாமான்களைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “தங்கச்சியின்ரை பாடு ஏதும் தெரிஞ்சுதோ?”

அன்ரனெற் சொன்னாள். எமில்டா கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “நான் ஏன் ஒருநாளும் அங்கை வந்து நிக்கேல்லை எண்டு நினைக்கிறாய்? எனக்கும் ஊரிலை ஆக்கள் இருக்கினம். நீங்கள் போய் நிக்கவேணும் எண்டுதான் நான் உங்கடை பிள்ளையளோடை நிக்கிறன்.”

அவர் எதையோ தெரிந்துகொண்டுதான் பேசுகிறாரா என்று அன்ரனெற்றுக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மாக்கஸின் உடம்பில் எண்ண இடமில்லை. தலைமயிருக்குள், காதுக்குள், வாய்க்குள்கூட. கலமைன் மருந்து பூசிப் பூசி வெள்ளை பூசிய சுவர்போல இருந்தான். சொறியாமலிருக்க இரண்டு கைக்கும் காலுறை மாட்டிவிட்டிருந்தாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. சிணுங்கிச் சிணுங்கி, மத்தியானத்துக்குப் பிறகுதான் நித்திரையானான். தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செய்தி பார்த்தாள். கடற்கரையில் புகை. கடலேரியைக் கடந்து வருகிற சனம், தூரத்திலிருந்து எடுத்த படம். ஒவ்வொரு பெண்ணின் தலையையும் உற்றுப் பார்த்தாள்.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். ஆங்கிலக் குரல். ஸ்ரீதேவியின் டொக்டரிடம் வேலை செய்யும் நேர்ஸ்.

நேற்றே இரத்தம் எடுத்துச் சோதித்தார்களாம். முடிவு இப்போதுதான் வந்ததாம். ஸ்ரீதேவியின் உடம்பில் இந்த நோய்க்கு எதிர்ப்பு எதுவும் இல்லை. அவளுக்கு வந்தால் நுரையீரலைப் பிடிக்கலாம், வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கலாம். அதைத் தடுக்க ஒரு ஊசி உண்டு. “ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். உங்கள் மகனுக்கு முதல் கொப்புளம் எப்போது வந்தது?”

“நேற்று,” என்றாள் அன்ரனெற். “நேற்று மத்தியானம்.”

“நல்லது.” நேர்ஸின் குரலில் நிம்மதி தெரிந்தது. “அப்படியென்றால் அவசரமில்லை. நாளைக்கோ அதற்கு மறுநாளோ போடலாம்.”

சரி என்று வைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வாய் கேட்டுவிட்டது. “எதிலிருந்து எண்ணுகிறீர்கள்?”

நேர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். முதல் கொப்புளம் வர இரண்டு நாளுக்கு முன்னாலேயே பிள்ளையிடமிருந்து நோய் தொற்றத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பிறகு ஸ்ரீதேவி முதலில் அவனோடு இருந்தது எப்போதோ, அதிலிருந்து நாலு நாளைக்குள் ஊசி போட்டாக வேண்டும். நாலு நாள் கடந்தால் பலன் இருக்குமென்று சொல்லமுடியாது. “திங்கட்கிழமை மாலை ஒரு மணி நேரம் அவனை மடியில் வைத்திருந்ததாகச் சொன்னாள். நல்லகாலம், அது கணக்கில் வராது.”

அன்ரனெற் எண்ணினாள். புதன் பின்னேரம் குளிக்க வார்த்தது. அதற்கு இரண்டு நாள் முன் என்றால் திங்கள் பின்னேரம். மழை. மாக்கஸ் ஸ்ரீதேவியின் வயிற்றில் தலையை வைத்து, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. திங்கள் பின்னேரம் ஆறு மணியிலிருந்து நாலு நாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

இன்று.

“ஹலோ? இருக்கிறீர்களா?” என்றாள் நேர்ஸ். “சரி, மகனுக்குச் சுகம் கிடைக்கட்டும். நன்றி.”

“வைக்காதேங்கோ,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகு ஆங்கிலத்தில், சொற்கள் இடறி இடறி: “நேற்று இல்லை. புதன்கிழமை. புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிபோல. நான் கண்டேன். மூன்று இருந்தது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.”

மறுமுனையில் ஏச்சு எதுவும் வரவில்லை. விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு நேர்ஸ் சொன்னாள்: “அப்படியென்றால் இன்று ஆறு மணி. மருந்து நகர நடுவில், டவுன்ரவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறது. நான் இப்போதே அங்கே சொல்கிறேன். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று தெரியுமா? அவளைக் கூட்டிப்போக யாராவது இருக்கிறார்களா?”

மணி இரண்டு இருபது. விக்ரோறியா தின நீண்ட வார இறுதி தொடங்குகிற வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவில் கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் ரோட்டில் இறங்குகிற நாள்.

“நான் கூட்டிக்கொண்டு போகிறேன்,” என்றாள் அன்ரனெற்.

ஸ்ரீதேவியின் இலக்கத்தை எமில்டாவிடம்தான் வாங்கவேண்டியிருந்தது. ஏன் என்று சொல்லவும் வேண்டியிருந்தது. எமில்டா முழுவதையும் கேட்டார். “எனக்குத் தெரியும்,” என்றார் கடைசியில். “இவ்வளவு கொப்புளமும் ஒரு பொழுதிலை வாறேல்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டிட்டு ஓடு.”

பிறகு ஸ்ரீதேவி. அவளுக்கு நேர்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். 

“இன்னிக்கே போடணுமாம். ஏன் திடீர்னு மாத்துறாங்கன்னு புரியலை. ராகவனும் ஊர்ல இல்லை. டாக்ஸி கூப்பிட்டிருக்கேன், முக்கால் மணி நேரம் ஆகும்ங்கறான்—”

“டாக்ஸி வேண்டாம். நான் வாறன். டவுன்ரவுனிலை ரோட்டெல்லாம் அடைச்சிருக்கு, எனக்கு அந்தப் பக்கம் தெரியும்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஸ்ரீதேவி, அவை மாத்தினது என்னாலை. மாக்கஸுக்கு வந்தது எனக்குப் புதன்கிழமையே தெரியும்.”



“தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“ஓம்.”

“நேத்து காலைல என் முன்னாடி நின்னீங்களே. நான் ஷூ லேஸ் கட்டிவிட்டேன். பார்த்துக்கிட்டே நின்னீங்களே.”

“ஓம்.”

ஸ்ரீதேவி அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்: “ஆபீஸ் பின்பக்க கேட்டுல நிக்கிறேன். சீக்கிரம் வாங்க.”

எமில்டாவின் வாசலில் தங்கள் காரை நிறுத்தி, பிள்ளையின் இருக்கையைக் கழற்றி டிக்கிக்குள் போட்டாள். அவன் இருந்த இடத்தையெல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். மாக்கஸ் எமில்டாவின் தோளில் காலுறைக் கையை ஆட்டினான். மூன்று மணி.

நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஓடினாள். ஓடினாள் என்று சொல்வது சரியில்லை. நகர்ந்தாள். படகு கட்டிய கார்கள், கூரையில் சைக்கிள் கட்டிய கார்கள். ஒவ்வொரு பாலத்தின் கீழும் நின்று நின்று. மிசிசாகாவுக்குப் போய்ச் சேர நாலேகால். ஸ்ரீதேவி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பின் கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

 அன்ரனெற் கண்ணாடியில் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டினர் நெடுஞ்சாலையில் டவுன்ரவுனுக்குக் கிட்ட வந்ததும் மறுபடி எல்லாம் நின்றுவிட்டது. மணி ஐந்து.

“எதுக்கு?” என்றாள் ஸ்ரீதேவி திடீரென்று. “அப்படி என்ன அவசரம்? ஒரு நாள் வீட்ல வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அன்ரனெற் சொன்னாள். கஸ்பர், பத்து மணி, சற்றலைற் போன், கிளடிஸ். சொல்லச் சொல்ல அதெல்லாம் சாட்டுச் சொல்வதுபோல அவளுக்கே பட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

“பேசினாங்களா?”

“இல்லை. அவை அங்கை இல்லையாம்.”

முன்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. இரண்டு கார் நீளம் நகர்ந்தார்கள்.

“எத்தனை பசங்க?”

“ரெண்டு. மூத்தவளுக்கு மூண்டு வயசு. மற்றதுக்கு ஏழு மாசம். நான் இன்னும் பாக்கேல்லை.”

ஸ்ரீதேவி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். பிறகு, “அதுக்காக உங்களை நான் மன்னிச்சிடணும்னு எதிர்பார்க்காதீங்க,” என்றாள்.

“இல்லை. எதிர்பாக்கேல்லை.”

கார்டினரிலிருந்து இறங்கியபோது ஐந்தே கால். இரண்டு தெரு தாண்டியதும் பொலிஸ்காரன் ஒருவன் கையைக் குறுக்கே நீட்டி எல்லாக் கார்களையும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யூனிவேர்சிற்றி அவென்யூ முழுக்கச் சனம். நேற்றையைவிட இரண்டு மடங்கு. பறை அடிக்கிற சத்தம் காருக்குள் வந்து மோதியது. ஆஸ்பத்திரி அந்தச் சனத்துக்கு அப்பால் இருந்தது.

இருபத்து நாலு நாளாக அவள் நின்ற ரோட்டு. இத்தனை நாளும் கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்து ஏசும்போது, ஒரு அரை மணி பிந்தினால் உனக்கு என்ன குறைந்துபோகும் என்று அவளும் திருப்பிக் கத்தியவள்தான்.

“திரும்பிச் சுத்திப் போக நேரமில்லை,” என்றாள். “நடப்பமோ? ஏலுமோ?”

“நடக்கலாம்.”

வண்டி நிறுத்தக்கூடாது என்று பலகை போட்டிருந்த இடத்தில் காரை விட்டாள். இருவரும் சனத்துக்குள் இறங்கினார்கள். முதல் ஐம்பது அடியில் ஒருவரும் விலகவில்லை. எல்லாருடைய முதுகும் இவர்கள் பக்கம். ஸ்ரீதேவியின் வயிற்றில் யாருடைய முழங்கையும் படாமல் அன்ரனெற் முன்னால் கையை விரித்துக்கொண்டு போனாள். “வழி விடுங்கோ, வழி விடுங்கோ.” அவள் குரல் பறைக்குள் அமிழ்ந்துபோனது. ஐந்து முப்பத்தொன்று.

மஞ்சள் அங்கி போட்ட தொண்டர் பெட்டை ஒருத்திதான் முதலில் கண்டாள். இங்கே பிறந்தவள், இருபது வயதிருக்கும். “ஆர் யூ ஓகே அக்கா?” ஸ்ரீதேவியின் வயிற்றைப் பார்த்தாள். அன்ரனெற் ஆஸ்பத்திரிப் பக்கம் கையை நீட்டினாள். பெட்டை வேறு எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த ஒலிபெருக்கியைத் தூக்கினாள்.

“பிள்ளைத்தாச்சி ஒராள் வாறா! ஆஸ்பத்திரிக்குப் போறா! விடுங்கோ, விடுங்கோ!”

அந்தச் சொல் கையிலிருந்து கைக்குப் போவதுபோல முன்னால் போனது. கிழவர்கள் பதாகையை மடக்கினார்கள். தள்ளுவண்டியில் பிள்ளை வைத்திருந்த பெண் வண்டியை இழுத்தாள். ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு ரோட்டின் நடுவே வழி திறந்தது. யாரோ ஸ்ரீதேவியின் கையில் தண்ணீர்ப் போத்தலைத் திணித்தார்கள். அவள் அன்ரனெற்றின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏனென்று யோசித்துப் பிடித்ததில்லை. அந்தக் கூட்டத்தில் வேறு கை இல்லை.

“பிள்ளை! அன்ரனெற்!”

கஸ்பர். நடைபாதைக் கரையில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. “தம்பி லைனிலை நிக்கிறான்! வா, வந்து கதை!”

பத்து அடி இருக்கும். அன்ரனெற்றின் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அது அவளுக்கே தெரிந்தது. மணி ஐந்து முப்பத்தாறு. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவு தெரிகிறது, ஆனால் இடையில் இன்னும் இவ்வளவு சனம். திறந்த வழி பின்னால் மூடிக்கொண்டே வந்தது.

ஸ்ரீதேவி நின்று அவளைப் பார்த்தாள்.  பிடித்த கையை விடவில்லை.

“கேட்டு வையுங்கோ அண்ணை!” என்று அன்ரனெற் கத்தினாள். “கிளடிஸ் எங்கையெண்டு கேட்டு வையுங்கோ!”

அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே நேர்ஸ் ஒருத்தி பெயர் எழுதிய கடுதாசியோடு காத்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துகள், கேள்விகள், ஒரு வெள்ளைத் திரை. ஒரே ஊசி என்று நினைத்திருந்தார்கள், பல ஊசி. இரண்டு தொடையிலும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அன்ரனெற் நின்றாள். ஸ்ரீதேவி ஒரு தரம்தான் “அம்மா” என்றாள். சுவர் மணிக்கூட்டில் ஆறு ஆக ஏழு நிமிஷம் இருந்தது.

வெளியே வந்த ஸ்ரீதேவி கதிரையில் இருந்து தண்ணீரைக் குடித்தாள். “ராகவனோட ஃபிரெண்ட் வர்றார். நீங்க போகலாம்.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “போய் அவர்கிட்ட கேளுங்க.”

கஸ்பர் அதே இடத்தில் நின்றார். அவள் வருவதைக் கண்டதும் தலையை ஆட்டினார். “கேக்க முதல் அறுந்துபோச்சுது பிள்ளை. நீ நிண்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாய். அரை நிமிசம்தான்.”

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அன்ரனெற்றுக்குத் தெரியாது. அந்தத் தம்பி பிறகு எடுக்கவேயில்லை. காரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சப்வேயில்தான் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. விக்ரோறியா தினம். இருட்டத் தொடங்கியதும் பக்கத்துப் பூங்காவில் வாணவேடிக்கை விட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அன்ரனெற் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குக் கட்டிய முகத்தோடு மாக்கஸ் யன்னலில் ஒட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு நிறத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் யோசப் வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மகனைத் தூக்கி மடியில் வைத்துப் பொருக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

எமில்டா மாக்கஸைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார். ஸ்ரீதேவி மிருதுளாவை வேறிடத்தில் சேர்த்துவிட்டாள். ஒரு மாதம் அவளுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். அந்த ஒரு மாதமும் அன்ரனெற் ஒவ்வொரு நாளும் பிள்ளையை விடும்போது எமில்டாவின் முகத்தைப் பார்ப்பாள். எமில்டா தலையை மட்டும் அசைப்பார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். யூன் பாதியில் அந்த நாட்கள் முடிந்தன.

கிளடிஸின் குரல் யூலையில்தான் கேட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து, யாருடையவோ போனில். மூத்தவள் கூட இருக்கிறாளாம். புருஷனைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். சின்னதைப் பற்றி அன்ரனெற் கேட்டாள். “கடலேரியிலை,” என்றாள் கிளடிஸ்.  பிறகு, “மாக்கஸ் சுகமோ அக்கா?” என்று கேட்டாள்.

“சுகம்,” என்றாள் அன்ரனெற்.

செப்ரெம்பரில் ஒரு மத்தியானம், பக்ரறிச் சாப்பாட்டு நேரத்தில் எமில்டா போன் எடுத்தார். “ஸ்ரீதேவிக்குப் பெடியன் பிறந்திருக்கு. ஏழு இறாத்தல். கண், காது எல்லாம் சோதிச்சவையாம். ஒரு குறையும் இல்லையாம்.”

அன்ரனெற் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள். பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தும் முகத்தைத் துடைக்கவில்லை.

“அக்கா, நான் ஒருக்கால் போய்ப் பிள்ளையைப் பாக்கட்டோ?”

எமில்டா யோசித்தார். “கேட்டுச் சொல்லுறன்,” என்றார்.

அடுத்த நாள் காலமை அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்ரனெற்றும் கேட்கவில்லை.